க்ரீம் சிக்கன் டம்ப்ளிங் சூப்: ஸ்லோ குக்கருக்கு எந்த மாவு, எந்தக் கறி, எந்தப் பால்?

காலை ஏழரைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பி மாலை ஆறுக்குத் திரும்புகிறவருக்கும், ஞாயிறு மத்தியானம் முழுக்க அடுப்படிப் பக்கமே நடமாடுகிறவருக்கும் சிக்கன் டம்ப்ளிங் சூப் வைக்க ஒரே வழி சரிவராது. ஆனால் ஸ்லோ குக்கருக்கென்று, அதாவது மணிக்கணக்கில் மெதுவாக வேகவைக்கும் மின் பானைக்கென்று, கண்ணில் படும் செய்முறைகள் பெரும்பாலும் ஒரே பாட்டைத்தான் பாடுகின்றன: எல்லாவற்றையும் போடு, மூடு, எட்டு மணி நேரம் கழித்துத் திற. திறந்தால் கறி நார்நாராக இருக்கும், பால் திரிந்து மிதக்கும், மாவு உருண்டைகள் மேலே பிசுபிசுவென்றும் உள்ளே பச்சையாகவும் இருக்கும்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் மத்திய மேற்கிலும் குளிர்காலச் சாப்பாடு இது. கோழிச் சாற்றில் கெட்டியான வெள்ளைக் குழம்பு, பிய்த்துப் போட்ட கறி, அதிலேயே வெந்த மைதா டம்ப்ளிங், அதாவது மாவுத் துண்டுகள். மிளகாய் கிடையாது, மிளகும் தைம் என்ற மூலிகையும்தான். அங்கே குடியேறிய தமிழ் வீடுகளிலும் பிள்ளைகள் பள்ளியில் ருசி பார்த்துவிட்டு வந்து கேட்கிறார்கள். செய்து கொடுக்க நினைப்பவர் முன்னால் மூன்று தேர்வுகள் நிற்கின்றன: மாவு, கறி, பால். இவற்றில் முதலில் முடிவு செய்ய வேண்டியது மாவைத்தான் என்பது என் உறுதியான எண்ணம். எந்த டம்ப்ளிங் என்று தீர்ந்துவிட்டால் மற்ற இரண்டும் அதன் பின்னாலேயே வந்துவிடும்.

கருவியின் குணம்

ஸ்லோ குக்கர் எதற்காகப் பிறந்தது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். லித்துவேனியாவின் யூதக் குடும்பங்கள் வெள்ளிக்கிழமை மாலை சோலண்ட் என்ற கெட்டிக் குழம்புப் பானையைப் பேக்கரியின் அடுப்பில் வைத்துவிட்டுப் போவார்கள். பீன்ஸும் பார்லியும் இறைச்சியும் அடுப்பின் மிச்சச் சூட்டில் இரவெல்லாம் வேகும். தன் தாய் சொன்ன இந்தக் கதையை மனதில் வைத்து இர்விங் நாக்சன் அமெரிக்காவில் ஒரு மின் பானையை வடிவமைத்து 1940-இல் காப்புரிமை பெற்றார். ‘நாக்சன் பீனரி’ என்று பீன்ஸ் வேகவைக்கவே அது விற்பனைக்கு வந்தது. ரைவல் நிறுவனம் 1970-இல் அதை வாங்கி, 1971-இல் ‘க்ராக்-பாட்’ என்று பெயர் மாற்றி வீடுதோறும் கொண்டுபோனது.

பீன்ஸும் முற்றின இறைச்சியும் எத்தனை மணி நேரம் போனாலும் தாங்கும். மைதாவும் பாலும் தாங்காது. ஆகவே இந்தச் சூப்பில் சாறும் கறியும் கருவியின் இயல்புக்கு ஏற்றவை. டம்ப்ளிங்கும் பாலும் கடைசியில் வந்து சேர வேண்டியவை.

சூட்டைப் பற்றியும் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். லோ என்றால் குறைந்த சூடு, ஹை என்றால் அதிகச் சூடு என்று நினைப்போம். க்ராக்-பாட் வகையில் இரண்டு நிலைகளும் கடைசியில் போய்ச் சேர்வது ஏறத்தாழ ஒரே இடம்: 98 டிகிரி செல்சியஸ், கொதிநிலைக்குச் சற்றுக் கீழே. ஹை மூன்று நான்கு மணி நேரத்தில் அங்கே போகும். லோவுக்கு ஏழெட்டு மணி நேரம் ஆகும். எனவே லோவில் ஐந்து மணி நேரம் இருந்த சூப்பில் ஆவி பறக்கும், நாக்கைச் சுடும், ஆனால் டம்ப்ளிங்கைத் தூக்கிப் பிடிக்கும் சூடு அதில் இருக்காது. பேக்கிங் பவுடர் ஈரம் பட்டதும் ஒருமுறை பொங்கும்; சூடு பட்டதும் மறுபடி பொங்கும். அந்த இரண்டாம் பொங்கலின்போது மாவு சட்டென்று இறுகினால்தான் காற்று உள்ளேயே தங்கும். மந்தச் சூட்டில் காற்று வெளியேறிவிடும், மாவு பிசினாகக் கிடக்கும். டம்ப்ளிங் போடும் முன் ஹைக்கு மாற்றி, ஓரங்களில் குமிழ் வரும்வரை காத்திருப்பது இதனால்தான்.

நான்கு வகை மாவு

அமெரிக்க வீடுகளில் மிகப் பரவலான குறுக்குவழி, குளிர்பதனப் பகுதியில் அட்டைக் குழாய்க்குள் அடைத்து விற்கும் பச்சை பிஸ்கட் மாவு (அங்கே பிஸ்கட் என்றால் மென்மையான சிறு ரொட்டி). கென்டக்கியின் லூயிவில் நகரத்து லைவ்லி வில்லோபி கண்டுபிடித்து 1931-இல் காப்புரிமை வாங்கியது. பாலர்ட் நிறுவனம் விற்றுவந்ததை 1951-இல் பில்ஸ்பரி வாங்கிக்கொண்டது. அளப்பதும் பிசைவதும் இல்லை. குழாயைத் திறந்து, ஒவ்வொரு வட்டத்தையும் ஆறு அல்லது எட்டாக வெட்டிப் போட்டுவிடலாம். வாங்குவதானால் ‘ஃப்ளேக்கி’ என்று போட்ட அடுக்கு வகையை விட்டுவிடுங்கள். சூப்பில் அடுக்கடுக்காகக் கழன்றுவிடும். சாதாரண மோர் பிஸ்கட் வகை மேல். அதிலும் லேசான இனிப்பு இருக்கும். நாக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். பானைக்குள் நிறையவே உப்பிப் பெரிதாகும், ஆகவே இடம் விட்டுப் போட வேண்டும். அவசர நாளுக்கு இது போதும். ஆசைப்பட்டுச் செய்கிற நாளுக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அடுத்தது பிஸ்குவிக் என்ற கலவை மாவு. 1930-இல் ஜெனரல் மில்ஸ் ஊழியர் கார்ல் ஸ்மித் ஓர் ரயில் சமையல்காரர் கொழுப்பும் மாவும் முன்கூட்டியே கலந்து வைத்திருந்ததைப் பார்த்து வந்து சொன்னதிலிருந்து பிறந்தது. மறு வருடமே கடைக்கு வந்தது. இரண்டு கப் மாவுக்கு முக்கால் கப்புக்குச் சற்றுக் குறைவாகப் பால், கிளறிப் போட்டால் டம்ப்ளிங். பெட்டியில் உள்ள முறை அடுப்புக்கானது: பத்து நிமிடம் திறந்து, பத்து நிமிடம் மூடி. ஸ்லோ குக்கரைத் திறந்துவைத்தால் சூடு இறங்கிவிடும் என்பதால் இங்கே முழு நேரமும் மூடியே வேகவிட வேண்டும்.

ஆனால் பிஸ்குவிக் மிச்சப்படுத்துவது உண்மையில் இரண்டு மூன்று நிமிடம்தான். ஒன்றரை கப் மைதா, இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், முக்கால் டீஸ்பூன் உப்பு, உருக்கின வெண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, முக்கால் கப் பால். இவ்வளவுதான் வீட்டு மாவு. உப்பு உங்கள் கையில், வெண்ணெய் உங்கள் கையில், பார்ஸ்லியோ வெங்காயத்தாளோ நறுக்கிப் போடுவதும் உங்கள் விருப்பம். பாலை ஊற்றிப் பத்துப் பன்னிரண்டு சுற்று கிளறினால் போதும். கட்டி கட்டியாக இருந்தாலும் விடுங்கள். வழவழப்பாகும்வரை அடித்தால் டம்ப்ளிங் ரப்பராகிவிடும். நம் வீட்டில் சப்பாத்திக்கு வைத்திருக்கும் ஆட்டா இதற்கு ஆகாது, கனத்துப்போகும். தென் மாநிலத்துக்காரர்கள் ஒயிட் லில்லி மாவைத் தேடி வாங்குவதற்கும் இதுவே காரணம். 1883-இல் டென்னசியின் நாக்ஸ்வில் நகரில் தொடங்கிய நிறுவனம் அது. மென்மையான கோதுமையில் புரதம் குறைவு, ஆகவே மாவு இறுகாமல் பூப்போல நிற்கும். செல்ஃப்-ரைசிங் வகையை எடுத்தால் பேக்கிங் பவுடரும் உப்பும் அதிலேயே இருக்கும். மறுபடி சேர்க்கக் கூடாது.

கரண்டியைச் சூடான சூப்பில் ஒருமுறை முக்கிவிட்டு மாவை அள்ளினால் ஒட்டாமல் வழுக்கி விழும். மேசைக்கரண்டி அளவு போதும். பெரிதாகப் போட்டால் நடுவில் வேகாது. சூப்பில் அமுக்காமல், மேலே தெரியும் கறித்துண்டுகளின் மேல் வையுங்கள். அப்போது அடிப்பாதி சாற்றிலும் மேல்பாதி ஆவியிலும் வேகும். இங்கேதான் ஸ்லோ குக்கரின் பெரிய தொல்லை வருகிறது: மூடியில் கோத்த ஆவி சொட்டுச் சொட்டாக டம்ப்ளிங் தலையில் விழுந்து கொழகொழப்பாக்கிவிடும். இட்லிப் பானை மூடிக்குத் துணி கட்டுகிற மாதிரி, மெல்லிய பருத்தித் துண்டு ஒன்றைப் பானைமேல் விரித்து அதன்மேல் மூடியை வையுங்கள். நுனிகளை மூடிக்கு மேலே மடித்துக்கொள்ள வேண்டும்; சூடான வெளிப்பக்கத்தில் தொங்கக் கூடாது. ஹையில் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். நாற்பது நிமிடமாவது மூடியைத் தொடாதீர்கள். ஒரு தடவை திறந்தால் போன சூடு திரும்பக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். குச்சி குத்திப் பார்த்துச் சுத்தமாக வந்தால் ஆயிற்று. பச்சை மாவு வயிற்றுக்குக் கனம் என்பதோடு போகாது, அதில் கிருமியும் இருக்கலாம். 2016-இல் ஜெனரல் மில்ஸ் ஈ. கோலை காரணமாகப் பெருமளவு மாவைத் திரும்பப் பெற்றது. நடுப்பகுதி வெந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே பரிமாறுங்கள்.

நான்காவது வகைக்குத்தான் தமிழில் எழுதுகிறவர்கள் போதிய இடம் கொடுப்பதில்லை: தட்டை டம்ப்ளிங். கரோலினா, டென்னசி, ஜார்ஜியா வட்டாரத்தில் பல குடும்பங்களுக்கு டம்ப்ளிங் என்றாலே இதுதான். மாவை மெல்லியதாகத் திரட்டி, இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டை பட்டையாக வெட்டிச் சாற்றில் போடுவார்கள். உப்பாது, மென்றால் லேசாக இழுக்கும். பட்டைகளில் ஒட்டியிருக்கும் உலர் மாவே சூப்பைக் கெட்டியாக்கிவிடும் என்பதால் க்ரீம்கூடப் பலர் சேர்ப்பதில்லை. திரட்ட நேரமில்லாதவர்களுக்கு ஆன்ஸ், மேரி பீஸ் போன்ற பெயர்களில் உறைந்த பட்டைகள் கிடைக்கின்றன. உப்ப வேண்டிய தேவை இல்லாததால் ஸ்லோ குக்கரின் மந்தச் சூட்டையும் சொட்டும் ஆவியையும் இது பொறுத்துக்கொள்ளும். ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாகப் போட்டு, நடுவில் ஒருமுறை மெல்லப் புரட்டிவிட்டால் போதும்.

ஆகவே உண்மையான போட்டி வீட்டு உருண்டை மாவுக்கும் தட்டைப் பட்டைக்கும் இடையில்தான். பதம் தவறாமல் வர வேண்டுமென்றால் பட்டை. வாயில் வைத்ததும் கரைகிற மென்மை வேண்டுமென்றால் உருண்டை. வெள்ளைக் குழம்புக்கு உருண்டையே பொருத்தம் என்பது என் தேர்வு, கடைசி ஒரு மணி நேரம் நீங்கள் வீட்டில் இருப்பீர்கள் என்றால்.

கறி

இந்தச் சாப்பாடு முட்டையிட்டு ஓய்ந்த கோழிக்காக உருவானது. மணிக்கணக்கில் வேகவைத்தால்தான் அது மசியும். அதற்குப் பதிலாகச் சாற்றில் ருசி இறங்கும். இன்று சூப்பர் மார்க்கெட்டில் கிடைப்பது ஆறேழு வாரத்துக் கோழி. எட்டு மணி நேரம் அதற்குத் தேவையே இல்லை.

எலும்பில்லாத நெஞ்சுக்கறி லோவில் மூன்று மணி நேரம் சுமாருக்கே வெந்துவிடும். மாலைவரை விட்டால் உலர்ந்த நார்தான் மிஞ்சும். தொடைக்கறியில் கொழுப்பும் இணைப்புத் திசுவும் அதிகம். அந்தத் திசு மெதுவாகக் கரைந்து சாற்றுக்கு ஒட்டுப்பதம் கொடுக்கிறது. ஐந்தாறு மணி நேரம் தாராளமாகத் தாங்கும். எலும்போடு போட்டால் இன்னும் நல்லது. தோலை மட்டும் உரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் மேலே எண்ணெய் படரும்.

ஆசிய, லத்தீன் அமெரிக்க, ஹலால் கடைகளில் முற்றின முட்டைக்கோழி கிடைத்தால் விடாதீர்கள். நாள் முழுக்க வெளியே இருப்பவருக்கு அதைவிடப் பொருத்தமான கறி இல்லை. லோவில் எட்டு மணி நேரம் ஆனாலும் சக்கையாகாது, சாறு நம் ஊர் நாட்டுக்கோழிச் சாற்றின் பக்கம் வந்துவிடும். கடையில் சுட்டு விற்கும் ரொட்டிசரி கோழியைப் பயன்படுத்துவதானால் ஸ்லோ குக்கரை மறந்துவிடலாம். ஏற்கெனவே வெந்த கறியை மறுபடி மணிக்கணக்கில் வேகவைப்பதில் பயன் ஏதும் இல்லை.

எந்தக் கறியானாலும் உறைந்த கட்டியாகப் போடக் கூடாது. 4 முதல் 60 டிகிரிவரை கிருமி பெருகும் எல்லை. உறைந்த கறி அதைக் கடக்க நெடுநேரம் எடுக்கும். முந்தின இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் இறக்கி வையுங்கள். கறியின் நடுவில் 74 டிகிரி வந்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் கணக்கு.

கேரட், செலரி, வெங்காயம் மூன்றும் அடியில். ஸ்லோ குக்கரில் கறியைவிடக் கேரட் வேகத்தான் நேரமாகும். மணத்துக்குத் தைமும் அமெரிக்கக் கடையில் விற்கும் பே லீஃப் இரண்டும். பிரியாணிக்குப் போடும் நம் பிரிஞ்சி இலை வேறு மரத்தினுடையது. பட்டை வாசனை அடித்து இந்தச் சூப்பின் குணத்தையே மாற்றிவிடும்.

பால்

டப்பாவில் வரும் ‘க்ரீம் ஆஃப் சிக்கன்’ என்ற கெட்டிச் சூப் பரவலாகப் பயன்படுவதற்கு நியாயமான காரணம் உண்டு: அதில் உள்ள மாவுச்சத்து நெடுநேரச் சூட்டைத் தாங்கும்படி செய்யப்பட்டது, காலையிலேயே போட்டாலும் திரியாது. குறை, உப்பு. இரண்டு டப்பாவும் சாதாரண சிக்கன் ப்ராத்தும் (கடையில் விற்கும் கோழிச் சாறு) சேர்ந்தால் கைப்பு தட்டும் அளவுக்குப் போய்விடும். அந்த வழியில் போகிறவர்கள் உப்பில்லாத ப்ராத் வாங்குங்கள். கடைசியில் ருசி பார்க்கும்வரை தனியாக உப்புப் போடாதீர்கள்.

என் வழி, வெண்ணெயில் மாவு வதக்குவது. நான்கு மேசைக்கரண்டி வெண்ணெயில் வெங்காயத்தையும் செலரியையும் வதக்கி, அரைக் கப்புக்குச் சற்றுக் குறைவாக மைதா தூவி, பச்சை வாசனை போகும்வரை இரண்டு மூன்று நிமிடம் கிளற வேண்டும். பிறகு ஒரு லிட்டர் ப்ராத்தைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கரைத்து, கொதிக்கக் கொதிக்கக் குக்கரில் கொட்டுங்கள். காலையில் பத்து நிமிட வேலை. மைதாக் கெட்டி நாள் முழுக்க நிற்கும், சூடான சாறு போவதால் குக்கரும் சீக்கிரம் சூடேறும். கார்ன்ஸ்டார்ச் (வெள்ளைச் சோள மாவு) கரைசலுக்கு அந்தத் தாக்குப்பிடிப்பு கிடையாது. நெடுநேரம் வெந்தால் நீர்த்துவிடும், கடைசி அரை மணி நேரத்துக்குத்தான் அது. தட்டைப் பட்டை போடுகிறவர்கள் வதக்கும் மைதாவைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

சாதாரணப் பால் இந்தச் சூட்டில் திரியும். ஹெவி க்ரீமில் கொழுப்பு 36 சதவீதத்துக்குக் குறையாது, அதனால் திரியாது. சுவையும் அதில்தான் அதிகம், கனமும் அதிகம். க்ரீம் சீஸ் போட்டால் மெல்லிய புளிப்பு ஏறும், கரையாமல் வெள்ளைத் துளியாக மிதக்கவும் வாய்ப்புண்டு. நான் வைப்பது எவாப்பரேட்டட் பால், 12 அவுன்ஸ் டப்பா ஒன்று. பாதிக்கு மேல் நீர் வற்றின பால். திரியாமலிருக்கச் சேர்மானமும் அதில் உண்டு. க்ரீமைவிட இலகு, பாலைவிட உறுதி. அதே அலமாரியில் பக்கத்திலேயே இருக்கும் இனிப்புக் கண்டென்ஸ்டு பாலை எடுத்துவிடாதீர்கள்.

எதுவானாலும் மிதமாகச் சூடு பண்ணி, டம்ப்ளிங் போடுவதற்குச் சற்று முன்னால் ஊற்றுங்கள். குளிர்ந்த பாலை ஊற்றினால், அரும்பாடுபட்டு ஏற்றின சூடு இறங்கி டம்ப்ளிங் கெடும்.

உங்கள் வீட்டுக்கு எது

மாலைவரை வெளியே இருப்பவர்: முட்டைக்கோழியோ எலும்புத் தொடையோ, வதக்கின மாவுக் கெட்டி, லோ. வந்ததும் கறியைப் பிய்த்துப் போட்டுவிட்டு, குக்கரோடு மல்லுக்கட்டாமல் சூப்பை ஒரு பெரிய பாத்திரத்துக்கு மாற்றி அடுப்பில் கொதிக்கவிடுங்கள். எவாப்பரேட்டட் பாலைச் சேர்த்து, உறைந்த பட்டைகளோ உருண்டை மாவோ போட்டால் கால் மணி முதல் அரை மணிக்குள் சாப்பாடு தயார். குக்கரின் பீங்கான் பானையை அப்படியே அடுப்பில் ஏற்றக் கூடாது, விரிசல் விடும்.

வீட்டில் இருப்பவர்: எலும்பில்லாத தொடை சுமார் ஒரு கிலோ, ஹையில் மூன்று மணி நேரம், பால், பிறகு வீட்டு உருண்டை மாவு, துண்டு, மூடி. ஆறு குவார்ட் (ஐந்தரை லிட்டர் சுமார்) குக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சூப் இருக்கக் கூடாது. டம்ப்ளிங் உப்ப இடம் வேண்டும். பச்சைப் பட்டாணி விரும்புகிறவர்கள் டம்ப்ளிங் போடுவதற்கு முன் ஒரு கைப்பிடி தூவலாம். தட்டை டம்ப்ளிங் பக்கத்துக்காரர்கள் பலர் இதில் எந்தக் காயையும் ஏற்க மாட்டார்கள். சாறு, கறி, மாவு, மிளகு, அவ்வளவே.

வெந்த பிறகு, ஆறாமல் சூடாக வைத்திருக்கும் ‘வார்ம்’ நிலையில் நெடுநேரம் விடாதீர்கள். டம்ப்ளிங் சாற்றை உறிஞ்சிக் கூழாகிவிடும். மிஞ்சினால் டம்ப்ளிங்கைத் தனியாக எடுத்துவைத்து, சூப்பை அகலமான ஆழமில்லாத பாத்திரத்தில் ஊற்றிச் சீக்கிரம் குளிர்பெட்டிக்கு அனுப்புங்கள்; மூன்று நான்கு நாள் இருக்கும். மறுநாள் சூடுபண்ண ஸ்லோ குக்கர் கூடாது, அது மெதுவாகச் சூடேறுவதே இங்கே ஆபத்து. அடுப்பில் அரைக் கப் ப்ராத் விட்டுக் கொதிக்கவைத்து, டம்ப்ளிங்கைக் கடைசியில் சேர்த்தால் போதும். உறையவைத்துச் சேமிக்க நினைத்தால் டம்ப்ளிங்கும் பாலும் சேர்க்காத சூப்பாக எடுத்துவையுங்கள். உருக்கிக் கொதிக்கவைக்கிற அன்று பாலை ஊற்றி, மாவைப் புதிதாகக் கலந்து போட்டுக்கொள்ளலாம்.